முக்கோணத்துக்கு யாரும் விதி எழுதவில்லை

எங்கள் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட வயதில் இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார். நான் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். படித்தவர்களைத் தங்கச்சி என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறு. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு அதுவே வசதியாகிவிட்டது. யாராவது என் முகத்தை நேராகப் பார்த்துவிட்டால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் முகத்தைப் பார்க்காத ஒருவரோடு பேசுவது சுலபமாக இருந்தது.

காரைக்குடிக்கு நாங்கள் வந்தது மகனின் படிப்புக்காக. அதற்கு முன்னால் ஒக்கூர்ப் பக்கம் விவசாயம். மகன் படித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போனான், அங்கேயே பெண் எடுத்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பால்காரரிடம் ஒரு வார்த்தை, காய்கறிக்காரியிடம் ஒரு வார்த்தை. சில நாள் மத்தியானத்தில் இருமினால், என் சத்தத்தைக் கேட்டு நானே திரும்பிப் பார்ப்பேன். அதனால்தான் போர்ஷனை வாடகைக்கு விட்டது. வாடகைக்கு வருகிறவர்கள் வேலைக்குப் போகாதவர்களாக இருந்தால் நல்லது என்று புரோக்கரிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரித்தார். "வேலைக்குப் போறவுகளைத்தான் எல்லாரும் கேப்பாக, நீங்க என்ன இப்படிக் கேக்குறீக?"

டீச்சர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்ளும், திரும்ப வாசித்தும் காட்டும். அதைக் கடையில் கொடுத்து அச்சாக எடுத்து வருவார். அந்தப் புத்தகம் முடிந்ததும் அவருடைய அண்ணன் மகள் வந்து திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போவாள், அங்கே சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் சொல்லியாயிற்று என்று வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஒருநாள் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். போனில் சார்ஜ் போய்விட்டது, ஒரு பக்கம் மட்டும் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"நான் அஞ்சாப்புதான் டீச்சர். விரல் வச்சுத்தான் வாசிப்பேன்."

"விரல் வச்சே வாசிங்க. அவசரம் ஒண்ணுமில்லை."

வாசித்தேன். பாதியில் ஒரு வரி புரியவில்லை. வெட்கமாக இருந்தாலும் வாய் தானாக நின்றுவிட்டது. டீச்சர் சுவரைப் பார்த்தபடி, "ஏன் நின்னுட்டீக?" என்றார்.

"இதுக்கும் முன்னாடி வரிக்கும் எப்படி ஒட்டுதுன்னு தெரியலை."

அவர் அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நடுவில் விட்டுப்போன ஒரு வரியைச் சொன்னார். அதைச் சேர்த்தால் ஒட்டியது. "இந்தப் போன் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே வாசிச்சுட்டுப் போகுதுக்கா. நிக்கிற ஆளு எனக்கு வேணும். தினம் வருவீகளா?"

அன்றிலிருந்து சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் அவரிடம் போய்விடுவேன். சில நாள் அவர் என் பக்கம் வருவார். குன்றக்குடிக்குப் போகும் கார்த்திகை அன்றும், அவர் கோவிலுக்குப் போகும் ஞாயிறன்றும் மட்டும் வாசிப்பு கிடையாது. அந்த நாட்கள் நீளமாக இருந்தன.

புத்தகம் எதைப் பற்றி என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். மேல்நாட்டில் பழைய காலத்தில் சிலர் இருந்தார்களாம். கண் ஏமாற்றும், காது ஏமாற்றும், ஊரார் சொல்வதும் ஏமாற்றும், கணக்கு ஒன்றுதான் யாரையும் ஏமாற்றாது என்று நினைத்தவர்கள். கணக்கில் எப்படி? முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் இதுதான் பொருள் என்று எல்லை கட்டிக்கொள்கிறார்கள். பிறகு யாரும் மறுக்க முடியாத சில உண்மைகளை வைக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கூற்று, அதற்கு நிரூபணம். அதன் மேல் இன்னொன்று. படிக்கட்டு மாதிரி. முக்கோணத்தை இப்படி நிரூபிக்கலாம் என்றால் கடவுளை, உயிரை, உலகத்தை ஏன் நிரூபிக்கக் கூடாது என்று கேட்டார்களாம். அதில் ஒருவர் மனிதனின் கோபம், ஆசை, துக்கத்தைக்கூடக் கோடும் வட்டமும் போல எடுத்துக்கொண்டு எழுதினாராம்.

எனக்கு முக்கோணமே தெரியாது. டீச்சர் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து முக்கோணமாக வெட்டச் சொன்னார். மூன்று மூலையையும் கிழித்து, முனைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அடியில் நேர்கோடாக வந்தது. இன்னொரு முக்கோணம் கோணல்மாணலாக வெட்டினேன். அதுவும் நேர்கோடுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து நாள்காட்டியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தேன்.

மறுநாள் சொன்னதும் டீச்சர், "இதை அவுக ஒத்துக்கிட மாட்டாகக்கா" என்றார். "நீங்க பார்த்தது கையில இருந்த முக்கோணம். இனிமே பொறக்கப்போற முக்கோணத்துக்கும் இதுதான்னு எப்படிச் சொல்லுவீக? அதைக் கையால சொல்ல முடியாது. அறிவாலதான் சொல்லணும்."

"அப்ப நான் நாள்காட்டியைக் கிழிச்சது தண்டமா?"

"தண்டமில்லை. அடுத்த மாசம் என்ன தேதின்னுதான் தெரியாமப் போச்சு."

எங்கள் வேலைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு அடியையும் வாசித்ததும் நான் "ஒத்துக்கிடுறேன்" என்றோ "ஒத்துக்கிடலை" என்றோ சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாத அடியைத் தாண்டக் கூடாது. மரியாதைக்குச் சொல்லும் "சரி" கணக்கில் சேராது. இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிறந்த வீட்டில் அப்பாவுக்குச் சரி, புகுந்த வீட்டில் எல்லாருக்கும் சரி, மகன் கல்யாணத்தில் சம்பந்தக்காரர்களுக்குச் சரி. மறுத்துச் சொல்லும் வார்த்தை எனக்கு வாயில் உருளாது. முதல் முறை "ஒத்துக்கிடலை டீச்சர்" என்று சொன்னபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. டீச்சர் கோபப்படவில்லை. "அப்பாடா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடவுளுக்கு நிரூபணம் வரும் இடம். ஒன்றை நிரூபிக்க அதற்கு எதிரானதை முதலில் வைத்துக்கொண்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தாளில், "கடவுள் இல்லை என்று வைத்துக்கொள்வோம்" என்று இருந்தது.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வது கிடையாது. அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைந்திருக்கிறது, வாங்க வேண்டும் என்போம். உப்பும் அப்படித்தான், எண்ணெயும் அப்படித்தான். மாமியார் வீட்டில் முதல் நாளே கற்றுக்கொண்டது. அதுவும் விளக்கு எரியும்போது, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் சாமியைப் பற்றி. என் வாய் என்னைக் கேட்காமலே வாசித்துவிட்டது: "கடவுள் நிறைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்."

டீச்சர் கையை நீட்டி நிறுத்தினார். "அப்படியா எழுதியிருக்கேன்?"

"ஆமாங்க டீச்சர்."

"அடுத்த வரி?"

"'அப்படியானால் அவரிடம் ஒரு குறை இருக்கிறது.'"

"நிறைஞ்சிருக்கிறவருக்கு எங்கருந்துக்கா குறை வந்துச்சு?"

தாளைக் கீழே வைத்தேன். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அடங்கவே இல்லை. "எதை நிரூபிக்கணுமோ அதை முதல் வரியிலயே உக்கார வச்சுட்டீகளே! இந்த நிரூபணத்தைச் சொன்னவுகளைப் பார்த்து ஊரே இதைத்தான் கேட்டுச்சு. முடிவை முதல்லயே உள்ள வச்சுட்டுத் தேடி எடுத்த மாதிரி காட்டுறீகளேன்னு."

"நான் தப்பாத்தானே வாசிச்சேன்."

"தப்புத்தான். வாங்க, அங்குட்டுப் போய் வாசிப்போம். என் பக்கம் மாதா படம்தான் இருக்கு. அவுக கோவிச்சுக்கிட மாட்டாக. இதைவிடப் பெரிய பேச்செல்லாம் கேட்டவுக."

அவர் போர்ஷனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளபடியே வாசித்தேன். சாமி கேட்டிருக்குமோ என்று சாயங்காலம்வரை கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் அந்த நிரூபணத்தை நான் ஒத்துக்கொண்டேன். குறை எதுவும் கிடையாது என்று எல்லை கட்டிவிட்டால், இருப்பு மட்டும் எப்படிக் குறையும்? டீச்சர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தான் எழுதியதையே ஒத்துக்கொள்ளாத மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. தாள் கட்டு ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. இறங்குகிற பக்கத்தை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். காபிக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அண்ணன் மகள் போன் செய்து, "அத்தை, எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கும்போது அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கடைசிப் பகுதி வந்தது. நடப்பதெல்லாம் முன்னால் நடந்ததிலிருந்து தப்பாமல் பிறக்கிறது, முக்கோணத்திலிருந்து அதன் கோணங்கள் பிறப்பதுபோல. இப்படித்தான் நடக்க முடியும் என்று அறிவால் கண்டுகொண்டவனுக்கு, இழப்பின் துக்கம் குறைகிறது. கோபத்தையும் துக்கத்தையும் கோடும் வட்டமும்போல எழுதினவருடைய கூற்று இது.

"ஒத்துக்கிடலை" என்றேன். இந்தத் தடவை கை வேர்க்கவில்லை.

"எந்த அடி?"

திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு அடியாக நின்று பார்த்தேன். "அடி ஒண்ணும் தப்பில்லை டீச்சர். முடிவு மட்டும் எனக்குள்ள வர மாட்டேங்குது."

"அதெப்படி? படியெல்லாம் ஏறிட்டு மாடி மட்டும் வேணாம்னா?"

"எங்க வீட்டுக்காரரு போனப்ப வந்தவுகல்லாம் இதைத்தானே சொன்னாக. விதி, யாரால மாத்த முடியும்னு. ஒருத்தர் சொல்லியும் எனக்குக் குறையலை."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது விதி கிடையாதுக்கா. விதின்னா யாரோ ஒருத்தர் எழுதினது. எழுதினவர் வேற மாதிரியும் எழுதியிருக்கலாம், அதனாலதான் நமக்கு அவர் மேல கோவம் வருது. முக்கோணத்துக்கு யாரு விதி எழுதினா? அதோட மூணு கோணம் நேர்கோடாகணும்னு யாரும் உக்காந்து எழுதலை. அது முக்கோணமா இருக்கறதாலயே அப்படி. அதுக்கு மேல யாரையும் கேக்க முடியாது."

புரிந்தது. புரிந்தாலும் உள்ளே இறங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்திருந்தால், முதல் நாள் நெஞ்சு வலித்ததை அவர் சொல்லியிருந்தால், அந்த வாரம் அறுப்புக்கு ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால். இந்த "இருந்தால்"களை நான் எத்தனையோ வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தியாக இருக்கும்போது அதுவும் ஒரு துணைதான்.

மறுநாளும் அந்த இடத்தில் நின்றோம். அதற்கு மறுநாளும். டீச்சர் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மகள் போனில் கத்துவது எனக்கே கேட்டது. "கார் சொல்லியாச்சு அத்தை, ஒரு வரிக்காகவா உக்காந்திருக்கீங்க?"

போனை வைத்துவிட்டு டீச்சர் கேட்டார். முகம் வழக்கம்போலச் சுவர் பக்கம் இருந்தது.

"அக்கா, இந்தக் கூற்றை ஒத்துக்கிடலையா, நான் போறதை ஒத்துக்கிடலையா?"

தாள்களை அடுக்கி ஓரம் தட்டினேன். "ரெண்டையும்தான்" என்றேன்.

"பின்னதுக்கு நிரூபணம் கேக்க முடியாதே."

"நான் கேக்கலை டீச்சர். ஒத்துக்கிடலைன்னு மட்டும் சொன்னேன்."

அவர் கையைத் துழாவி என் கையைப் பிடித்தார். நான் அப்படியே இருந்தேன். யாராவது கையைப் பிடித்தால் எப்போது விடுவித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. "சரி, மேல போங்க டீச்சர்" என்று கடைசியில் நானே சொன்னேன். அவர் தலையை அசைத்தார். "அது மரியாதை சரி. வேணாம். இந்த அடி இப்படியே நிக்கட்டும். நான் அங்கருந்து போன் போட்டுக் கேக்குறேன்."

கார் வந்தது. அண்ணன் மகள் நல்ல பெண். எனக்குப் பழம் வாங்கி வந்திருந்தாள். சாமான்களை ஏற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. டீச்சர் என் பக்கம் பார்ப்பதற்காக முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு கையசைத்தார். எதிர்வீட்டுக்காரர் தனக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து அவரும் அசைத்தார்.

போர்ஷனை நான் வேறு யாருக்கும் விடவில்லை. காலையில் சமையலை முடித்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போகும். வாசல்வரை போய்த் திரும்புவேன். சில நாள் உள்ளே போய் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதா படம் மாட்டியிருந்த ஆணி. பேச ஆள் வந்து, பழகி, அப்புறம் போனால், முன்பு தனியாக இருந்ததைவிட மோசம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. முன்பு பத்து மணி என்பது ஒரு நேரமாகவே இருந்ததில்லை. இப்போது தினமும் பத்து மணி வருகிறது.

வியாழக்கிழமை தோறும் டீச்சர் போன் போடுவார். சாப்பாடு, மருந்து, பக்கத்துக் கட்டில் அம்மாவின் குறட்டை, எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்பார். "அந்த அடி என்னாச்சு? ஒத்துக்கிட்டீகளா?"

"ஒத்துக்கிடலை டீச்சர்."

"சரி, அடுத்த வியாழன் கேக்குறேன்."

புத்தகம் அந்த ஓர் அடிக்காக நின்றிருந்தது. அச்சகத்துக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

ஒரு காலை அந்தக் காலிப் போர்ஷனைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல "இருந்தால்"கள் தொடங்கின. டீச்சருக்குக் கண் நன்றாக இருந்திருந்தால் திண்டுக்கல் போயிருக்க வேண்டாம், இங்கேயே இருந்திருப்பார். இந்த இடத்தில் எனக்குப் பழக்கதோஷம், நின்றுவிட்டேன். கண் நன்றாக இருந்திருந்தால் அவர் இங்கே வந்தே இருக்க மாட்டாரே. கண் ஆஸ்பத்திரி பக்கத்தில், படி ஏறாத வீடு என்றுதானே இதைப் பார்த்து வந்தார். கண் இருந்தால் வாசிக்க நான் எதற்கு? என்னிடம் முகத்தைத் திருப்பிப் பேசியிருக்க மாட்டார், நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். அவரைக் கொண்டுவந்ததும் அந்தக் கண்தான், கொண்டுபோனதும் அந்தக் கண்தான். போனது வேண்டாம் என்றால் வந்ததும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை என்னால் சொல்ல முடியவில்லை.

துடைப்பத்தை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரையும் நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு வலித்ததை அவர் சொல்லாமல் அறுப்புக்குப் போனார். சொல்லியிருந்தால், என்று எத்தனை தரம் அழுதிருக்கிறேன். ஆனால் தன் வலியைச் சொல்லுகிற ஆள் அவராகவே இருக்க மாட்டார். அது வேறு யாரோ. அந்த வேறு யாரோவுக்காக நான் இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

உடனே ஒரு பயம் வந்தது. இதைச் சொல்லிவிட்டால் அடி தாண்டிவிடும். புத்தகம் முடிந்துவிடும். வியாழக்கிழமை எதற்கு வரும்?

சொல்லாமல் இருந்துவிடலாம். அவருக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆள்தான் என்னுடைய ஒத்துக்கிடுறேனுக்கும் ஒத்துக்கிடலைக்கும் காத்திருந்தார். அவரிடம் அதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அவர் கேட்டதும் சொன்னேன். "பாதி ஒத்துக்கிடுறேன் டீச்சர்."

"பாதியா? பாதியை நான் எப்படிக்கா எழுதுறது?"

கண் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் விஷயத்தையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. "இப்படி இருந்திருந்தாங்கிறது போயிருச்சு. அது அறுத்துக்கிட்டே இருக்கும், அது நின்னுருச்சு. ஆனா வீடு வெறிச்சுனு கிடக்கு பாருங்க, அது போகலை. அதை நான் ஒத்துக்கிட மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கூற்றை எழுதினவரு குறையும்னுதான் சொன்னாரு, போயிரும்னு சொல்லலை" என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "வீடு வெறிச்சுனு கிடக்குறதைப் பத்தி அவரு எழுதலைக்கா."

"அப்ப முழுசாவே ஒத்துக்கிடுறேன்னு எழுதிக்கங்க."

"மரியாதைக்கா?"

"நெசமாவே."

"சரிக்கா. எழுதிக்கிடுறேன்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்து நேரம் என்று சொல்லி வைத்தார்.

அடுத்த வியாழன் போன் வரவில்லை. அச்சு வேலை இருக்கும். அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன், பிறகு அப்படி நினைக்காதே என்று சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை, நானும் கேட்கும்படி ஒன்றும் வைக்கவில்லை. யார் மேலும் கோபம் வரவில்லை.

நானாக யாருக்கும் போன் போட்டுப் பழக்கம் கிடையாது. மகனுக்குக்கூட அவன் போட்டால்தான் பேசுவேன். போட்டு, அவர் எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றால் என்ன சொல்வது? காரணம் எதுவும் கையில் கிடையாது. இன்று வியாழக்கிழமை. பத்து மணி ஆகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நம்பரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.